இலவச இசைத் தொகுப்புகளைச் சட்டப்படி எங்கே எடுப்பது, கலைஞருக்கு என்ன கொடுப்பது

காசு கொடுக்காமலும் சட்டத்தை மீறாமலும் இறக்கிக்கொள்ளக்கூடிய இசைத் தொகுப்புகள் இணையத்தில் உண்மையிலேயே இருக்கின்றனவா, அவற்றை எடுத்துக்கொள்வது பெரிய நிறுவனம் எதையும் சாராமல் தனியாக இயங்கும் கலைஞருக்கு உதவியா உபத்திரவமா என்பது கேள்வி.

இருக்கின்றன, ஆயுள் முழுக்கக் கேட்டாலும் தீராத அளவுக்கு இருக்கின்றன. உதவியா என்பதற்கான விடையோ, அந்தத் தொகுப்பைக் கொடுப்பவர் யார், எதை எதிர்பார்த்துக் கொடுக்கிறார் என்பதைப் பொறுத்தது. ஒரு பாடலை இலவசமாகக் கொடுக்கும் அதிகாரம் அதன் உரிமையாளருக்கு மட்டுமே உண்டு. பழைய பாடல்களை ஆண்டுவாரியாக அடுக்கி ஒரே கோப்பாகக் கட்டித் தரும் தளங்கள் பலவற்றில் அந்த அனுமதியைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. அவை இலவசம், அவ்வளவுதான். நான் இங்கே சொல்லப்போவது, கலைஞரோ அவருடைய லேபிளோ (இசையை வெளியிடும் நிறுவனம்) எழுத்துமூலம் அனுமதி கொடுத்து வெளியிட்டவற்றைப் பற்றி மட்டும்.

அந்த எழுத்துமூல அனுமதிக்கு இன்று பெரும்பாலும் வழங்கும் வடிவம் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம். 2001-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட இந்த அமைப்பு தன் முதல் உரிமங்களை 2002 டிசம்பரில் வெளியிட்டது. தமிழ் விக்கிப்பீடியாவிலும் ஃப்ரீதமிழ்இபுக்ஸ் மின்னூல்களிலும் நீங்கள் அதைப் பார்த்திருப்பீர்கள். இசைக்கும் அதே உரிமந்தான். இசையுலகில் இது பரவலாகத் தெரிய வந்ததில் 2004 நவம்பரில் ‘வயர்டு’ இதழ் வெளியிட்ட ஒரு குறுந்தகட்டுக்குப் பங்குண்டு. பீஸ்டி பாய்ஸ், டேவிட் பைர்ன், சக் டி ஆகியோரும், அப்போது பிரேசிலின் பண்பாட்டு அமைச்சராகவே இருந்த ஜில்பெர்ட்டோ ஜில்லும் சேர்ந்து, மொத்தம் 16 பாடல்கள் அதில் இருந்தன. நகலெடுக்கலாம், நண்பருக்குக் கொடுக்கலாம், ஒரு துண்டை வெட்டித் தம் பாட்டில் சேர்த்துக்கொள்ளலாம் என்று வெளிப்படையாகவே அனுமதித்திருந்தார்கள். ஆனால் 13 பாடல்களுக்கு அந்தத் துண்டை விற்பனைக்குரிய பாட்டிலும் சேர்க்கலாம். மற்ற 3 பாடல்களுக்கு வணிக நோக்கம் கூடாது. தகடு ஒன்று, நிபந்தனைகள் இரண்டு. இன்றைக்கும் தொகுப்புகளில் பலரும் தவறவிடும் இடம் இதுவே: உரிமம் ஒவ்வொரு பாடலுக்கும் தனித்தனியாக இருக்கலாம் என்பதால், தொகுப்பின் முகப்பில் இருக்கும் ஒரு வரியை மட்டும் படித்துவிட்டு உள்ளே இருக்கும் அனைத்துக்கும் அதுவே பொருந்தும் என்று கொள்ளக் கூடாது.

அந்த நிபந்தனைகளைப் படிப்பது கடினமில்லை. பாடலின் பெயருக்குக் கீழே ‘சிசி பிஒய்-என்சி-என்டி 4.0’ என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். சிசி என்பது கிரியேட்டிவ் காமன்ஸின் சுருக்கம். பிஒய் என்றால் ஆக்கியவர் பெயரைக் குறிப்பிட வேண்டும். என்சி என்றால் வணிகத்துக்கு ஆகாது. என்டி என்றால் மாற்றி வெளியிடக் கூடாது. என்டி-க்குப் பதிலாக எஸ்ஏ என்று இருந்தால், மாற்றலாம், ஆனால் மாற்றியதையும் இதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். கடைசியில் உள்ள எண் உரிமத்தின் பதிப்பு. கேட்பதற்காக இறக்குபவருக்கு இவற்றுள் எதுவும் தடையில்லை. காசு வாங்காமல் இன்னொருவருக்கு நகல் கொடுப்பதற்கும் தடையில்லை. சிக்கல் காணொளி எடுப்பவர்களுக்குத்தான். குறும்படத்திலோ கல்யாண வீடியோவிலோ ஒரு பாடலைக் காட்சியோடு பொருத்திப் பின்னணியாகச் சேர்ப்பதை இந்த உரிமங்கள் மாற்றியமைத்தல் என்றே கணக்கில் கொள்கின்றன. ஆகவே, என்டி உள்ள பாடலை ஒரு நொடிகூட வெட்டாமல் முழுதாகப் போட்டாலும் அது மீறலே. விளம்பர வருவாய் வரும் சேனலுக்கு என்சி உள்ள பாடலை எடுக்காதீர்கள் என்றும் சொல்வேன். அது வணிகமா இல்லையா என்று வாதாடி வெல்லும் நேரத்தில் வேறொரு பாடலைத் தேடி எடுத்துவிடலாம். பெயர் குறிப்பிடுவது என்பதும் ‘நன்றி: இணையம்’ என்று போடுவதாகாது. பாடலின் பெயர், கலைஞரின் பெயர், எடுத்த பக்கத்தின் இணைப்பு, உரிமத்தின் பெயர் ஆகிய நான்கும் வேண்டும். காசு கேட்காத கலைஞர் கேட்கும் ஒரே கூலி அந்த நான்கு விவரங்கள்தாம்.

எங்கே தேடுவது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஃப்ரீ மியூசிக் ஆர்கைவ் என்ற தளம். இதை 2009-இல் தொடங்கியது டபிள்யூஎஃப்எம்யூ என்ற வானொலி நிலையம். நியூ ஜெர்சி மாநிலத்தில் 1958-இல் ஒரு கல்லூரி வானொலியாகப் பிறந்த அந்நிலையம், அந்தக் கல்லூரியே 1995-இல் மூடப்பட்ட பின்பும், நேயர்கள் கொடுக்கும் நன்கொடையைக் கொண்டே ஓடிக்கொண்டிருக்கிறது. எந்தப் பாட்டைப் போடுவது என்பதை அங்கே நிகழ்ச்சி நடத்துபவரே முடிவு செய்கிறார். அந்தப் பழக்கத்தையே தளத்துக்கும் கொண்டுவந்தார்கள்: எவரும் எதையும் ஏற்றிக் குவிக்கும் இடமாக விட்டுவிடாமல், சியாட்டிலின் கேஇஎக்ஸ்பி, லாஸ் ஏஞ்சலிஸின் டப்லேப் போன்ற வானொலிகளையும் சேர்த்துக்கொண்டு, ஒவ்வொருவரும் தமக்கு நல்லது என்று பட்டதைத் தேர்ந்து வைக்கச் செய்தார்கள். எனக்கு இந்த ஏற்பாடுதான் பிடித்தது. ஆயிரம் பாட்டை அள்ளிக் கொட்டுபவர்களுக்கு இணையத்தில் பஞ்சமில்லை. அந்த ஆயிரத்தையும் பொறுமையாகக் கேட்டுப் பத்தை எடுத்துத் தருபவர்தான் கிடைப்பதில்லை. 2018-இல் பணம் போதாமல் தளத்தை மூடப்போவதாக அறிவித்தார்கள். பிறகு அது கைமாறி, 2019-இல் டிரைப் ஆஃப் நாய்ஸ் என்ற நெதர்லாந்து நிறுவனத்திடம் வந்து சேர்ந்தது. ஒவ்வொரு பாடலுக்கும் உரிமம் எது என்பது அந்தந்தப் பாடலின் பக்கத்தில் இருக்கும்.

அடுத்தது இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இணைய நூலகம். அதில் இரண்டு பகுதிகள் நமக்கு வேண்டியவை. ஒன்று 2002-இல் தொடங்கிய நேரடிக் கச்சேரிப் பதிவுகளின் களஞ்சியம்; ரசிகர்கள் பதிவு செய்து காசு வாங்காமல் பரிமாறிக்கொள்ளலாம் என்று அனுமதித்த குழுக்களின் கச்சேரிகள் 2 லட்சத்துக்கும் மேலாக அங்கே இருக்கின்றன. அதிலேயே கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் குழுவின் பக்கத்துக்குப் போனால் ஒரு நுணுக்கத்தைப் பார்க்கலாம்: ரசிகர்கள் அரங்கில் மைக் வைத்து எடுத்த பதிவுகளை இறக்கலாம், ஒலிக்கட்டுப்பாட்டு மேசையிலிருந்து நேராக எடுத்தவற்றைத் தளத்தில் கேட்க மட்டுமே முடியும். 2005 இறுதியில் போடப்பட்ட கோடு அது. ரசிகர்கள் முணுமுணுத்தார்கள் என்றாலும், எதைக் கொடுப்பது எதை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்யும் உரிமை கொடுப்பவருடையது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

மற்றொரு பகுதி நெட்லேபிள்கள், அதாவது தகடு எதுவும் அச்சடிக்காமல் இணையத்தில் மட்டும், பெரும்பாலும் இலவசமாகவே வெளியிடும் சிறு லேபிள்கள். 1990-களில் அமிகா கணினியில் சிறு சிறு கோப்புகளாக இசையமைத்து மோடம் வழியே பரிமாறிக்கொண்ட இளைஞர்களிடமிருந்து வளர்ந்த வழக்கம் இது. இந்த லேபிள்கள் ஆண்டுக்கொரு முறையோ, நூறாவது வெளியீட்டுக்கோ தங்கள் கலைஞர்கள் எல்லோரையும் சேர்த்து ஒரு தொகுப்பு போடுவது வழக்கம். புதிதாகத் தொடங்குபவர் அந்தத் தொகுப்புகளிலிருந்து தொடங்குவது நல்லது. மின்னணு இசையே மிகுதி. பாட்டும் வரியும் எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும். பாடல்களே வேண்டும் என்பவர்கள் 2005-இல் லக்சம்பர்கில் தொடங்கிய ஜமெண்டோவைப் பார்க்கலாம். கேட்பவருக்கு இலவசம், கடையிலோ விளம்பரத்திலோ போடுபவருக்குக் கட்டணம் என்ற ஏற்பாட்டில் வளர்ந்த தளம் அது.

இனிப் பணத்துக்கு வருவோம். இலவசமாகக் கொடுத்தால் கலைஞருக்கு என்ன கிடைக்கிறது?

இதற்கு எல்லோரும் காட்டும் எடுத்துக்காட்டு நைன் இன்ச் நெய்ல்ஸ் என்ற அமெரிக்க ராக் குழு. 2008 மார்ச்சில் அக்குழு 36 இசைத்துண்டுகள் கொண்ட ஒரு வெளியீட்டை பிஒய்-என்சி-எஸ்ஏ உரிமத்தில் கொண்டுவந்தது. முதல் 9 துண்டுகள் இலவசம். முழுவதையும் இறக்க 5 டாலர். கையெழுத்திட்ட 2,500 பெட்டிகள், பெட்டி ஒன்றுக்கு 300 டாலர். பெட்டிகள் உடனே விற்றுத் தீர்ந்து, அவற்றில் மட்டும் 7.5 லட்சம் டாலர் வந்தது. முதல் வார வருவாய் மொத்தம் சுமார் 16 லட்சம் டாலர். யார் வேண்டுமானாலும் நண்பரிடம் சட்டப்படியே நகல் வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்த அந்த வெளியீடு, அந்த ஆண்டு அமேசானின் எம்பி3 ஆல்பம் விற்பனையில் முதலிடம் பிடித்தது. ஆனால் அது அதற்கு முன் பெரிய நிறுவனத்தின் பணத்தில் உலகம் முழுக்க அறிமுகமாகியிருந்த குழு. இந்தக் கணக்கைக் காட்டி, ‘நீயும் இலவசமாகக் கொடு, பணம் தானாக வரும்’ என்று நேற்று முதல் பாட்டை வெளியிட்டவரிடம் சொல்வது நியாயமில்லை.

சிறிய கலைஞருக்குப் பொருந்தும் எடுத்துக்காட்டு டெரெக் வெப் என்ற அமெரிக்கப் பாடகர். 2006-இல் அவர் தம் ஆல்பத்தை இலவசமாகக் கொடுத்தார். பதிலுக்குக் கேட்டது மின்னஞ்சல் முகவரி, அஞ்சல் குறியீடு போன்ற சில விவரங்களைத்தான். மூன்று மாதத்தில் சுமார் 80,000 பேர் எடுத்துக்கொண்டார்கள். அஞ்சல் குறியீடு எதற்கு? எந்த ஊரில் எத்தனை பேர் தம் பாட்டைக் கேட்கிறார்கள் என்று தெரிந்தால், அடுத்த கச்சேரியை எந்த ஊரில், எவ்வளவு பெரிய அரங்கில் வைக்கலாம் என்று கணக்குப் போடலாம். அந்த ஊர்க்காரர்களுக்கு மட்டும் கடிதம் அனுப்பலாம். இந்த அனுபவத்திலிருந்தே 2008-இல் நாய்ஸ்ட்ரேட் என்ற தளம் உருவாகி, அதே முறையில் பல கலைஞர்களின் ஆல்பங்களையும் தொகுப்புகளையும் கொடுத்தது. இலவசத் தொகுப்பை இறக்கும்போது முகவரி கேட்டால், பொய் முகவரியைத் தட்டிவிட்டுப் போகிறவர்கள் நம்மில் ஏராளம். பிடிக்காவிட்டால் பிறகு விலகிக்கொள்ளலாமே; முதல் மடல் வரும் வரையாவது உண்மையான முகவரியைக் கொடுப்பது, காசு செலவில்லாமல் செய்யக்கூடிய உதவி.

காசு கொடுக்க மனமிருப்பவர் அதை எந்த வழியில் கொடுக்கிறார் என்பதும் முக்கியம். ஸ்பாட்டிஃபையில் ஒரு பாடல் முந்தைய 12 மாதங்களில் 1,000 முறை கேட்கப்பட்டிருந்தால்தான் அதன் ஒலிப்பதிவுக்கு ராயல்டி என்பது 2024 தொடக்கத்திலிருந்து நடைமுறை. 900 முறை கேட்கப்பட்ட பாட்டுக்கு வரும் தொகை பூஜ்யம். கலைஞர்கள் தம் இசையை ரசிகர்களுக்கு நேராக விற்கும் பேண்ட்கேம்ப் தளத்திலோ டிஜிட்டல் விற்பனையில் தளம் எடுத்துக்கொள்வது 15 விழுக்காடு (விற்பனை 5,000 டாலரைத் தாண்டினால் 10), டி-ஷர்ட், கேசட் போன்ற பொருள்களில் 10. பணப் பரிமாற்றக் கட்டணமும் போக, 10 டாலரில் ஏறக்குறைய 8 டாலர் கலைஞரிடமோ லேபிளிடமோ போய்ச் சேர்கிறது. ஒரே ஒருவர் ஒரு ஆல்பம் வாங்கினாலே அந்த 900 முறையைவிடக் கூடுதல்.

அங்கே இலவசத் தொகுப்புகளும் நிறைய. பல தொகுப்புகளில் விலைக்குப் பதிலாக ஒரு காலிப் பெட்டி இருக்கும். அதில் 0 என்று எழுதினாலும் எம்பி3 ஆகவோ, தரம் குறையாத ஃபிளாக் ஆகவோ கோப்பு வந்துவிடும். இதில் வெளியே தெரியாத செய்தி ஒன்று உண்டு: கலைஞரின் கணக்குக்கு மாதம் 200 இலவசப் பதிவிறக்கங்கள்தாம் சும்மா கிடைக்கின்றன, அதற்கு மேல் வேண்டுமானால் அவர் தளத்துக்குப் பணம் கட்ட வேண்டும். ஆகவே ‘அப்புறம் கேட்கலாம்’ என்று கண்ணில் பட்டதையெல்லாம் இறக்கிப் போட்டுவைப்பது அவருக்குச் செலவு வைப்பதாகவும் முடியலாம். முதலில் தளத்திலேயே கேளுங்கள், பிடித்தால் இறக்குங்கள். கொடுப்பதாக இருந்தால் ஐந்து முறை ஒவ்வொரு டாலராகக் கொடுப்பதைவிட ஒரே முறை 5 டாலராகக் கொடுங்கள். பரிமாற்றக் கட்டணத்தில் ஒரு பகுதி நிலையான தொகை என்பதால், ஒரு டாலரில் கணிசமான பங்கை அதுவே விழுங்கிவிடும். 2020 மார்ச் 20 அன்று, பெருந்தொற்றால் கச்சேரிகள் நின்றுபோன நேரத்தில், பேண்ட்கேம்ப் தன் பங்கை ஒரு நாளுக்கு விட்டுக்கொடுத்தது. அந்த ஒரு நாளில் ரசிகர்கள் செலவிட்டது 43 லட்சம் டாலர். அதன் பிறகும் சில வெள்ளிக்கிழமைகளில் அதே சலுகையை அறிவித்துவருகிறார்கள். வாங்க நினைப்பவர் அந்த நாளுக்குக் காத்திருக்கலாம். இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு சிறு தகவல்: 2020 முதல் புதிதாகத் தரப்படும் வங்கிக் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை தானாகத் திறந்திருக்காது; வங்கியின் செயலியில் போய் நாமேதான் திறக்க வேண்டும். பணம் போகவில்லை என்று பலர் கைவிட்டுவிடுவது இந்த இடத்தில்தான்.

தொகுப்புக்கென்று கொடுக்கும் பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இருபது பேர் பாடிய தொகுப்புக்கு நீங்கள் கொடுக்கும் தொகை, அதை ஏற்றிய லேபிளின் கணக்குக்குப் போகும். அது அறக்கொடைக்கா, லேபிளின் செலவுக்கா, கலைஞர்களுக்குப் பங்கா என்பது பக்கத்தின் விளக்கக் குறிப்பில் இருக்க வேண்டும். ஒன்றும் எழுதாவிட்டால், தொகுப்பை இலவசமாக எடுத்துக்கொண்டு, அதில் மனத்தைத் தொட்ட ஒருவரின் சொந்தப் பக்கத்துக்குப் போய் அங்கே கொடுப்பதையே நான் செய்கிறேன். தொகுப்பு ஒரு அறிமுகம். இருபது பேருக்கும் சமமாகக் கடன்பட்டதாக நினைத்து எவருக்கும் எதுவும் செய்யாமல் விடுவதைவிட, ஒருவரைப் பிடித்துக்கொண்டு அவருடைய அடுத்த ஆல்பத்தையும் வாங்குவது அவருக்கு உண்மையான துணை.

பணத்தைத் தவிர இன்னொரு காரணத்துக்காகவும் இந்தத் தொகுப்புகளை முறைப்படி இறக்கி வைத்திருப்பது நல்லது. தனிக் கலைஞர்களின் பாடல்களை ஏற்றிவைத்த பழைய எம்பி3.காம் 2003 டிசம்பரில் கைமாறியபோது, அங்கே இருந்த கலைஞர்களின் களஞ்சியம் நீக்கப்பட்டது. 2019-இல் மைஸ்பேஸ், 2015-க்கு முன் ஏற்றப்பட்ட கோப்புகள் சர்வர் மாற்றத்தில் அழிந்துபோனதாக ஒப்புக்கொண்டது. சுமார் 5 கோடிப் பாடல்கள் என்பது அப்போது வெளியான கணக்கு. ஆய்வுக்காக முன்பே யாரோ இறக்கி வைத்திருந்த ஏறக்குறைய 4.9 லட்சம் பாடல்கள் பின்னர் இன்டர்நெட் ஆர்கைவுக்கு வந்து சேர்ந்தன. மேலே இறக்கிக் குவிக்காதீர்கள் என்றேன். அதற்கு இது முரண்தான். கேட்டுப் பிடித்ததை, உரிமத்தின் விவரத்தோடு சேர்த்து, பெயர் மாற்றாமல் பத்திரப்படுத்துங்கள் என்று இரண்டையும் இணைத்துக்கொள்ளலாம். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. கலைஞர் பின்னாளில் மனம் மாறித் தளத்திலிருந்து எடுத்துவிட்டாலும், அந்த உரிமத்தில் நீங்கள் முன்பே பெற்ற நகல் சட்டப்படியானதாகவே இருக்கும். அதை நிறுவ, இறக்கிய நாளில் அந்தப் பக்கத்தையும் சேமித்து வைப்பது போதும்.

‘பழைய பாடல் என்றால் இலவசந்தானே’ என்று கேட்பவர்களுக்கு: இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை; ஆனால் பாட்டுக்கும் மெட்டுக்கும் ஆக்கியவர் மறைந்த ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டுகள். பாபநாசம் சிவன் மறைந்தது 1973-இல். ஆகவே அவருடைய கீர்த்தனையின் 1950-ஆம் ஆண்டுத் தட்டு ஒன்றின் ஒலிப்பதிவு உரிமை எப்போதோ முடிந்திருந்தாலும், கீர்த்தனையின் உரிமை 2033 இறுதிவரை இருக்கும். தியாகராஜர் கீர்த்தனைக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதை இன்றைய பாடகர் பாடிய பதிவுக்கு உண்டு.

கலைஞர்கள் பக்கத்திலும் ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. பல நாடுகளில் ராயல்டி வசூல் சங்கத்தில் சேரும் இசையமைப்பாளர் தம் படைப்புகள் அனைத்தின் உரிமையையும் சங்கத்திடம் ஒப்படைத்துவிடுகிறார். பிறகு ஒரு பாடலை மட்டும் இலவச உரிமத்தில் விட அவருக்கே அதிகாரமில்லை. நெதர்லாந்தின் சங்கம் 2007-இலும், பிரான்சின் சங்கம் 2012-இலும், வணிகமல்லாத பயன்பாட்டுக்கு மட்டும் இந்த உரிமங்களை அனுமதிக்கும் சோதனை முயற்சிகளைத் தொடங்கின. உங்களுக்குத் தெரிந்த இசைக்கலைஞர் யாராவது இலவசத் தொகுப்பில் சேர விரும்பினால், முதலில் தாம் கையெழுத்திட்ட உறுப்பினர் படிவத்தை எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, இந்த உரிமங்களைப் போட்டவர்கள் எதிர்பார்த்திராத பயன் ஒன்று. 2017-இல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் உள்ளிட்ட ஒரு குழு, ஃப்ரீ மியூசிக் ஆர்கைவிலிருந்து 16,341 கலைஞர்களின் 1,06,574 பாடல்களை 161 வகைகளாகப் பிரித்து, கணினிக்கு இசைவகையைக் கண்டறியக் கற்றுக்கொடுப்பதற்கான தரவுத்தொகுப்பாக வெளியிட்டது. ஆய்வுக்கு அது பெரிய உதவி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் 2009-இலோ 2010-இலோ பிஒய்-என்சி என்று குறித்துத் தம் பாட்டை ஏற்றியவர், யாரோ ஒருவர் கேட்பார் என்றுதான் நினைத்திருப்பார். இயந்திரம் ஒன்று கேட்டுப் பழகும் என்று நினைத்திருக்க வழியில்லை. அத்தகைய பயிற்சிக்குப் பிறகு வரும் இசையில் யார் பெயரை எங்கே குறிப்பிடுவது என்பதற்கு உரிமத்தின் வாசகத்தில் தெளிவான விடை கிடையாது. புதிதாக வெளியிடும் கலைஞர்கள் சிலர் இப்போது ‘இயந்திரப் பயிற்சிக்கு அனுமதியில்லை’ என்று தனியாக ஒரு வரி சேர்க்கிறார்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தோடு அப்படிக் கூடுதல் தடை விதித்தால் அது அந்த உரிமமாகவே கருதப்படாது என்பதால், அத்தகைய பக்கங்களில் அந்த வரியையும் சேர்த்துப் படித்துவிட்டே இறக்க வேண்டும்.